வண்டி லேசா இருக்கோணும்

சைக்கிள் கடைக்குப் புதிதாக வந்து ஸ்பானர் பிடிக்கிற உங்களிடம் நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ‘லேசு.’ இந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தவன் நான். பஞ்சர் ஒட்டவும் சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். சொல்லித் தராவிட்டாலும் நாலு தடவை கை கிழிந்தால் தானாக வந்துவிடும். இது அப்படி வருகிற சமாசாரம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவன், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் சூரமங்கலம் ரோட்டில் கிடையாது. அப்படிப்பட்டவன் பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படாமல் போனேன்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, சேலத்துச் சைக்கிள் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள். சேலத்தில் கிளம்பி நாமக்கல் கோட்டை அடிவாரத்தில் முடிய வேண்டும். முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு கடையும் ஒரு வண்டி தயார் பண்ணி ஓர் ஆளை ஏற்றிவிட வேண்டும். ஜெயித்தவனுக்கு அவன் ஓட்டிய வண்டியே பரிசு. அந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு சீமை வண்டி வைத்திருப்பது பாதி ஜமீன் மாதிரி.

எங்கள் முதலாளி ஒரு பாய். நல்ல மனுஷர், ஆனால் எடுத்ததை உடனே முடிக்க வேண்டும் என்கிற அவசரக்காரர். பந்தய வண்டி என்று ஒன்றை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பாயிடம் ஒரு சீமைக் கேட்டலாக் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் ஆட்டுக்கிடா முட்டப் போவதுபோலக் குனிந்து ஓட்டுகிற படம். அதை வைத்து என்ன தெரியும்? “ஓட்டறவங்களையே கூப்பிட்டுக் கேப்போம்டா. வண்டிமேல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?” என்றார் பாய்.

கேட்பது சரிதான். ஆனால் கேட்கத் தெரிந்த ஆள் அப்போது கடையில் இல்லை. எங்கள் பெரிய மேஸ்திரி, மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் கெங்கவல்லி போயிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கொண்டுவருகிறவர் எதைச் சொன்னாலும் அந்த வார்த்தையை அவரிடமே திருப்பிக் கேட்பார். “வண்டி ஆடுது” என்றால், “ஆடுதுன்னா? எங்க ஆடுது, எப்ப ஆடுது?” என்பார். “பிரேக் பிடிக்கலை” என்றால், “பிடிக்கலைன்னா? பிடிக்கவே இல்லையா, பிடிச்சிட்டு வழுக்குதா?” என்பார். வருகிறவர்களுக்குச் சலித்துப்போகும். எனக்கும்தான். சொன்னது விளங்காத மக்கு மனுஷன் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டதும் உண்டு.

மேஸ்திரி இல்லாத அந்தப் பத்து நாளும் கடையில் நான்தான் பெரிய ஆள். வயது இருபத்து நாலு. குருவி தலையில் பனங்காய்.

எங்கள் கடைக்காகப் பந்தயம் ஓட்டுகிறோம் என்று மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் சூரமங்கலத்தில் தந்தி கொடுக்கிற பியூன். “ஹேண்டில கீழ எறக்கு. நெஞ்சு நிமிர்ந்தா காத்து அறையும். எதுத்த காத்துல தந்தி கொண்டுபோனவனுக்குத்தான் அது தெரியும்” என்றார். இரண்டாவது ஆள் ஜவுளி வியாபாரி ஒருவரின் மகன். அவருக்கு எல்லாம் நிக்கல் பூச்சாகப் பளபளக்க வேண்டும். டயர் ஒல்லியாக இருக்க வேண்டும். ஹேண்டிலை இறக்கினால் முகம் யாருக்கும் தெரியாதே, ஏற்று என்றார். பியூனுக்கு வந்ததே கோபம். “மூஞ்சி தெரியணும்னா போட்டோ புடிச்சுக்க. பந்தயத்துக்கு எதுக்கு வர்றே?” ஆளுக்கொரு நியாயம். சீட்டைப் பின்னால் தள்ளு என்றார் ஒருவர், முன்னால் தள்ளு என்றார் மற்றவர். பிரேக் வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. நான் எல்லாவற்றையும் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். செங்கோடண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். நாமக்கல் சுற்று வட்டாரத்தில் வெண்ணெய் வாங்கி, டின்னில் அடைத்து, சைக்கிளில் கட்டி, தினமும் சேலம் ரயிலடிக்குக் கொண்டுவருவார். வெயில் ஏறினால் வெண்ணெய் உருகிவிடும் என்று சூரியனோடு பந்தயம் வைத்து ஓட்டிய கால்கள் அவை. எங்கள் கடை வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு, “வண்டி இருக்கட்டுங்க, நீங்களே பாத்து வைங்க, வாரேன்” என்று டின்னைத் தலையில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விடுவார். திரும்பி வந்து என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டே இருப்பார்.

“நீங்க என்னண்ணே சொல்றீங்க?” என்றேன்.

“எனக்கென்னங்க தெரியும்? வண்டி லேசா இருக்கோணுங்க. அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க.”

‘லேசு’ என்று அட்டையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். திருப்பிக் கேட்கவில்லை. லேசு என்றால் லேசு, அதில் கேட்க என்ன இருக்கிறது?

யாரை ஏற்றிவிடுவது என்று பார்க்க, ஒரு விடியற்காலையில் பாய் மூன்று பேரையும் அவரவர் வண்டியில் ஜங்ஷன் வரை போய்த் திரும்பச் சொன்னார். செங்கோடண்ணன் காலி டின்னைக் கழற்ற மறந்து, அது பின்னால் கடகடவென்று உருள, முதல் ஆளாக வந்து சேர்ந்தார். பியூன் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். ஜவுளிக்காரர் மகனுக்கு வயிற்று வலி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பந்தய வண்டியை அரிசி மண்டித் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பேன், எதையாவது கழற்றுவேன், மறுபடி தொங்கவிடுவேன். மட்கார்டு போயிற்று. செயின் மூடி போயிற்று. கேரியர், ஸ்டாண்டு, மணி, பிரேக் எல்லாம் போயிற்று. பாய் தராசைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வெறி ஏறிவிட்டது. கழற்ற ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் கழுத்தில் கை வைத்தேன். ஹேண்டிலையும் முன் சக்கரத்தையும் சேர்க்கிற குழாய் சட்டத்துக்குள் மறைந்திருக்கிறதே, அதைத்தான் கழுத்து என்போம். வெளியே தெரியாத இடம். உள்பக்கம் கடைந்து கனத்தைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

கடைசல்காரர் ஒரு சுற்று எடுத்துவிட்டு, “போதுமா?” என்றார்.

“இன்னும் ஒரு சுத்து எடுங்க.”

“இது கழுத்து தம்பி. கால் போனா நொண்டலாம். கழுத்து போனா?”

“எடுங்க” என்றேன்.

அவர் கொடுத்ததை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன். கடைவதற்கு முன்னால் ‘டொக்’ என்று சொன்ன குழாய் இப்போது ‘டிங்’ என்றது. இன்னொரு தடவை தட்டினேன், அப்போதும் ‘டிங்’தான். தராசில் வைத்தால் கால் ராத்தல்கூடக் குறையவில்லை. ஆனாலும் மாட்டி முறுக்கிவிட்டேன்.

செங்கோடண்ணன் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இறங்கி, ஹேண்டிலைத் தடவிக்கொண்டே, “நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா…” என்றார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்லீங்க. புது வண்டி பாருங்க, பழகோணுமாட்ட இருக்குது.”

அந்த ‘ஆனா’வை அவர் முழுங்கிவிட்டார். நானும் முழுங்கவிட்டேன். பெரிய மேஸ்திரி இருந்திருந்தால் அதைத் தொண்டைக்குள் கைவிட்டு எடுத்திருப்பார்.

பந்தயத்தன்று காலையில் நல்ல கூட்டம். ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் எங்கள் கடைக்கென்று ஒரு லாரி. அதில் டிரைவருக்குப் பின்னால் நானும் பாயும், காற்றடிக்கிற பம்பும், இரண்டு டயரும், செங்கோடண்ணனின் மைத்துனரும். மைத்துனர் அதற்கு முன் லாரியில் ஏறியதே இல்லை போலிருக்கிறது. ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். டவுன் எல்லையைத் தாண்டுவதற்குள் செங்கோடண்ணன் முன்னால் போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பர்லாங்கில் எதிர்க்கடை வண்டியில் தந்திப் பியூன். பாய் பலகையில் தட்டித் தாளம் போட்டார்.

மல்லூரை நெருங்கும்போது மைத்துனர் சொன்னார்: “மாமன் எப்படி மிதிக்கறாரு பாத்தீங்களா? வண்டி மட்டும் அவரு கேட்டாப்பல லேசா இருந்திருந்தா இந்நேரம் ராசிபுரம் கைகாட்டியே தாண்டியிருப்பாருங்க.”

“லேசாத்தானே பண்ணியிருக்கேன்? தராசுலயே போட்டுப் பார்த்தேனே.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்க, தராசுல போட்டு மிதிக்கவா போறாரு? ரெண்டு டின் வெண்ணெயோட மிதிக்கறவருக்கு வண்டி கனம் ஒரு கனமுங்களா? அவருக்குக் கெட்டியான வண்டிதானுங்க புடிக்கும். லேசுன்னா மிதிக்கறதுக்கு லேசுங்க. மிதி இறுக்கமாவே இருக்குதுன்னு நேத்துக்கூட ஊட்டுல சொல்லிப்போட்டுப் படுத்தாரு.”

அவர் கேட்டது மிதிக்கட்டை அச்சைப் பிடிக்கிற கோன் என்ற மரையை அரைக்கால் சுற்று தளர்த்துகிற வேலை. ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு நான் அவருடைய கழுத்தைக் கடைந்து வைத்திருந்தேன்.

அதற்குள் மல்லூர் வந்துவிட்டது. ஊர் முடிகிற இடத்தில் ரோடு குண்டும் குழியும். செங்கோடண்ணன் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தார். அப்படி மிதித்தால் ஹேண்டிலை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். அவர் இடப்பக்கம் இழுத்தபோது ஹேண்டில் முதலில் போனது, சக்கரம் ஒரு நூல் தாமதித்துப் பின்னால் வந்தது. வலப்பக்கமும் அப்படியே. இரண்டும் ஒரே குழாயில் இருப்பவை, சேர்ந்துதான் திரும்ப வேண்டும். தாமதம் என்றால் கழுத்து முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். லாரியிலிருந்த வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. என் கண்ணுக்குப் பட்டது.

அந்த நிமிஷமே நான் கத்தியிருக்க வேண்டும்.

கத்தவில்லை. கை பலகையைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது. கோன் லூசாக இருக்கும், அதனால்தான் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரி குலுங்குவதால் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேன். பாய் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறார். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கடைந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் அப்புறம் எந்தக் கடையில் எனக்கு ஸ்பானர் கொடுப்பார்கள்? இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பார்த்தேன். அதே தாமதம். இன்னும் ஒரு தடவை என்று நினைத்தேன்.

ரோடு கொஞ்ச தூரம் அப்படியே போய், ஒரு சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கமாகும். அரை மைல் நீள இறக்கம். அதில் செங்கோடண்ணன் வேகமெடுத்தால் பிரேக்கும் கிடையாது, நாங்கள்தான் கழற்றிவிட்டோமே. தூரத்தில் சுமைதாங்கி தெரிந்தது.

“நிறுத்துங்க! லாரிய முன்னால கொண்டுபோய்க் குறுக்க நிறுத்துங்க!” என்று டிரைவரின் முதுகில் குத்தினேன்.

“பைத்தியம் புடிச்சிருச்சாடா உனக்கு?” என்றார் பாய்.

“கழுத்த நான் கடைஞ்சுட்டேன் மொதலாளி. ஒடையப்போவுது. நான்தான் கடைஞ்சேன்.”

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். பாயைக் கேட்காமலே லாரியை ஏற்றிக் குறுக்கே நிறுத்தினார். செங்கோடண்ணன் காலைத் தரையில் தேய்த்து, புழுதி பறக்க, சுமைதாங்கிக்கு நாலு கஜம் முன்னால் நின்றார். நான் குதித்து ஓடி, முன் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“விடுங்க மேஸ்திரி! ஏனுங்க இப்படிப் பண்றீங்க? விடுங்க, அவரு வந்துட்டாரு!” என்று கத்தினார் செங்கோடண்ணன்.

விடவில்லை. பியூன் எங்களைத் தாண்டிப் போனார். குனிந்த தலையைக் கொஞ்சம் தூக்கி, என்ன கூத்து இது என்பதுபோல ஒரு பார்வை. அப்புறம் இறக்கத்தில் மறைந்துவிட்டார். அன்றைக்கு நாமக்கல்லில் மாலை விழுந்தது அவர் கழுத்தில்தான்.

பாய் ஹேண்டிலைப் பிடித்து ஆட்டினார், தூக்கிப் போட்டார். வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. “எங்கடா ஒடைஞ்சிருக்கு? காட்டுடா!” காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. செங்கோடண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மைத்துனரை அழைத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பாய் வண்டியை லாரியில் தூக்கிப் போடச் சொன்னார். “நாளையிலிருந்து கடைப் பக்கம் வராதே” என்றார்.

மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. உடையாத கழுத்தை உடையும் என்று சொல்லி ஒரு மனுஷனுடைய வண்டியைப் பிடுங்கிவிட்டேனோ என்ற நினைப்பு ஒரு பக்கம் பிடுங்கியது. உடைந்திருந்தால்தான் நான் யோக்கியன் என்று ஆசைப்பட வேண்டியிருந்தது. அப்படி ஆசைப்படுவது அதைவிடக் கேவலமாக இருந்தது.

நாலாம் நாள் பெரிய மேஸ்திரி ஆள் அனுப்பினார். கெங்கவல்லியிலிருந்து வந்த கையோடு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் போனபோது கழுத்தைக் கழற்றி வைஸில் இறுக்கி வைத்திருந்தார். பாய் ஸ்டூலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லேசா இருக்கணும்னு சொன்னாரா?” என்றார் மேஸ்திரி.

“ஆமா.”

“திருப்பிக் கேட்டியா?”

“இல்ல.”

அவர் ஒரு நீளக் குழாயை மாட்டி ஒரே ஒரு தடவை இழுத்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கழுத்து இரண்டாக வந்துவிட்டது. உடைந்த வாயை வெளிச்சத்தில் காட்டினார். வட்டத்தில் பாதி புதிதாக வெள்ளி மாதிரி மின்னியது. மறு பாதி கிரீசும் புழுதியும் ஏறிக் கறுத்திருந்தது. கறுத்த பாதி அன்றைக்கு ரோட்டிலேயே விரிசல் விட்ட பாதி. பாய் எழுந்து வந்து பார்த்தார். உடைந்த வாயை விரலால் தடவினார். அப்புறம், “போய் வேலையப் பாருடா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் செங்கோடண்ணன் பழைய வெண்ணெய் வண்டியில் வந்தார். நானே ஓடிப்போய் உடைந்த கழுத்தை அவர் கையில் வைத்தேன். எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் உயிரைக் காப்பாற்றினேன் பாருங்கள் என்கிற பெருமை. ‘லேசு’ கதையையும் சொன்னேன். மல்லூரில் ஹேண்டிலும் சக்கரமும் சேராமல் போனதை நான் ஒருவன்தான் கவனித்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கறுத்த பாதியைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். அந்த ரோட்டில் தினமும் போய்வருகிற மனுஷர். ஒவ்வொரு கல்லும் தெரியும்.

“மல்லூருலயே பாத்துட்டீங்களா?”

“ஆமாண்ணே.”

“நிறுத்துனது சுமைதாங்கிகிட்டத்தானுங்களே?”

“ஆமா.”

“நடுவால ரெண்டு மைல் இருக்குதுங்களே.”

கோபமாகக் கேட்கவில்லை. வழி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

கழுத்தைப் பலகையில் வைத்துவிட்டுத் தன் வண்டியைக் காட்டினார். “மிதி இறுக்கமா இருக்குதுங்க. கொஞ்சம் லேசாப் பண்ணிக் குடுங்க.”

“வச்சுட்டுப் போங்கண்ணே, ரயிலடிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கிறேன்.”

“இல்லீங்க. இருக்கறேன்.”

டின்னை வண்டியிலிருந்து அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார், ஆனால் ரயிலடிக்குக் கிளம்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெண்ணெய் உருகுவது அவருக்குத் தெரியாதா? என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோனைத் தளர்த்தி, மிதியைச் சுழற்றிக் காட்டினேன். தலையசைத்துவிட்டு, டின்னை மறுபடி கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் கடைக்குத்தான் வந்தார். வேறு கடைக்குப் போனதில்லை. என்னை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. ஆனால் ஒரு நாளும் வண்டியை விட்டுவிட்டுப் போனதில்லை. வேலை முடியும் வரை டின்னோடு பக்கத்திலேயே நிற்பார்.